ஐம்பது மீட்டர்

துப்பாக்கி சுடும் அணியில் நீடிக்க, கண்ணை லேசரால் ஐம்பது மீட்டருக்குப் பூட்டிக்கொள்ள வேண்டும். அதைவிடக் கிட்டே இருப்பதெல்லாம் மங்கல்தான். எஸ்தர் மூன்று வருடமாகத் தங்கம் வாங்குகிறாள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்த காலத்தில் எட்டாவதாகத்தான் வருவாள். ஆனால் அப்போது மடியில் தூங்கும் மகளின் இமைமுடியை எண்ணிவிடுவாள்.

ஏழு வயது ஜெனிலா தெருவில் ஐம்பது மீட்டருக்கு அடி எண்ணி நடந்துபோய், தண்ணீர்த் தொட்டியருகே திரும்பி நின்று கத்தினாள்.

"எம்மா, பல்லு விழுந்துட்டு! தெரியுதா?"

"தெரியுது ஏட்டி ஓட்டைப்பல்லி! அசையாம நில்லு."

பல்லில்லாத சந்து, மூக்குநுனி வியர்வை, எல்லாம் துல்லியம். எஸ்தர் ஆசைதீரப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க மூச்சு பழக்கப்படி பாதியில் நின்றது. வலது ஆட்காட்டி விரல் மெல்ல மடங்கியது.

"கிட்ட வா!" என்று அலறினாள். "ஓடி வந்துரு!"

ஜெனிலா சிரித்தபடி ஓடிவந்து மங்கிப்போனாள்.