எக்ஸ்டென்ஷன் கிடைக்கவில்லை

"அரைக் கிலோ போதாது தங்கப்பா, ஒரு கிலோவா போடு. ஆபீசுல இருந்து இருபது பேராவது வருவாங்க."

ஆரியசாலையில் பலகாரக் கடை வைத்திருக்கும் தங்கப்பன், நேந்திரங்காய் வறுவலைத் தராசில் கொட்டினான். ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, காரில் ஏற்றி, வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவது ஆபீஸ்காரர்களின் வழக்கம். வந்தவர்களுக்குச் சாயாவும் பலகாரமும் கொடுத்து அனுப்புவது வீட்டு மரியாதை.

"அப்போ இன்னைக்குத்தான் சென்ட் ஆஃப், இல்லியா அண்ணாச்சி?"

"ம்."

"பின்ன எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய? நாளையில இருந்து ஒரு ஜோலியும் இல்லல்லா. காலை நீட்டிட்டு சுகமா டிவி பாக்கலாமே!"

வேலப்பனுக்குப் பிடிக்காததே அந்தக் காலை நீட்டுவதுதான். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தார்.

மனிதர் வேலைப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். இதற்கு முன்னால் அவர் பார்த்த உத்தியோகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுளிப்பார். தண்ணீர்க் கட்டணம் வாங்கும் கவுண்டரில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார். குழாயில் தண்ணீர் வராததற்கு அவர்தான் காரணம் என்பதுபோல வந்தவன் போனவன் எல்லாம் ஏசிவிட்டுப் போனான். 'நன்றாகச் செய்தீர்' என்று ஒரு நாய்கூடச் சொன்னதில்லை.

இந்த வேலை நாலு வருஷத்துக்கு முன்னால் வாய்த்தது. வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார். முதல் மாதம் கையைச் சுட்டுக்கொண்டார். அப்புறம் பிடிபட்டுவிட்டது, அவருக்கே ஆச்சரியம்.

இங்கே அவர்தான் ராஜா. காலையில் கொஞ்சம் பரபரப்பு, அவ்வளவுதான். அது அடங்கிவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. இரண்டாம் சனியும் ஞாயிறும் மட்டும் மேலிடம் நேரில் வந்து நிற்கும். அன்றைக்கு மட்டும் எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பார்.

எல்லாவற்றையும்விட அந்த மத்தியானப் போன்! மேலிடத்திலிருந்து தினமும் தவறாமல் வரும். "இன்னைக்கு ரொம்ப நல்லாயிருந்துச்சு" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்காகவே அவர் விடியலில் எழுந்து ஓடினார் என்றால் நம்ப மாட்டீர்கள்.

அந்த நாற்காலிதான் இன்றோடு பறிபோகிறது. இன்னும் தெம்பு இருக்கிறது, கண் தெரிகிறது, கை பழுதில்லை. என்ன செய்வது, தேதி வந்துவிட்டால் வந்ததுதான்.

நேற்று சாயங்காலம் வெட்கத்தை விட்டு மேலிடத்திடம் கேட்டே விட்டார்.

"ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் மாதிரி... நானே பாத்துட்டு இருக்கட்டுமா? எனக்கு ஒரு பாடும் இல்ல."

"நல்லாச் சொன்னிய! இனியும் உங்கள வேலை வாங்கினா ஊரு என்னையல்லா ஏசும்?"

சிரித்துக்கொண்டேதான் பதில் வந்தது. அதற்குமேல் எப்படி மன்றாடுவது? வேலப்பனும் சிரித்து வைத்தார். உள்ளுக்குள் அழுகைதான்.

இன்று மத்தியானம் அந்தப் போன் வரவில்லை. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார், சார்ஜ் எல்லாம் இருந்தது.

மூன்று மணிக்கு மேல் ஒவ்வொரு பொருளாகத் துடைத்து அதனதன் இடத்தில் வைத்தார். அடுத்து வருகிறவர் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஜிஜி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் வேலப்பனிடம்தான் ஓடி வருவாள்.

"இனி டவுட்டு வந்தா நான் ஆருட்ட கேப்பேன் அண்ணாச்சி?"

"சார்ஜ் எடுக்கப் போறவங்ககிட்ட கேளு."

"அவங்களுக்கு இதெல்லாம் அறியுமா?"

"போகப்போக படிச்சிக்கிடுவாங்க."

பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு எழவும் தெரியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்த நினைப்பு ஒன்றுதான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஆறுதல்.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

"கார் வந்தாச்சு அண்ணாச்சி!" என்றாள் ஜிஜி.

வேலப்பன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பின்னால் வந்த வண்டிகளிலிருந்து ஆபீஸ்காரர்கள் திமுதிமுவென்று இறங்கிக் கை தட்டினார்கள். ஷிஜு என்ற கிளார்க் ஓடிவந்து காரின் முன்கதவைத் திறந்துவிட்டான்.

மாலையும் கழுத்துமாக இறங்கினாள் மாடம்மாள், கிழக்கேகோட்டை ஆபீசின் சூப்பிரண்டாக இன்று ஓய்வு பெற்ற, வேலப்பனின் மனைவி. அத்தனை பேர் முன்னாலும் கணவரின் கையைப் பாசமாகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நாலு வருஷமா எனக்குப் பொங்கிப் போட்டது போதும்... இனி அடுக்களைக்குள்ள நீங்க கேறப்பிடாது, கேட்டியளா?"