மாப்பிள்ளையின் செட்டிங்

வெரோனிக்கா அக்காவைப் பெண் பார்க்கத் தன் அம்மாவோடு வந்த டாரியஸ், புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டு சோபாவில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். கைப்பேசியில் துப்பாக்கி விளையாட்டு. திரையில் வெயில் விழுகிறதாம். சன்னல் சீலையை இழுத்துவிடும்படி எனக்கு விரலால் சைகை காட்டுகிறார். இழுக்கிறேன். இருண்ட கூடத்தில் அவர் முகம் மட்டும் நீலமாகத் தெரிகிறது. கிராஃபிக்ஸைக் குறைக்கிறார், ஃபிரேம் ரேட்டைக் கூட்டுகிறார். சுடும் பொத்தானை நூலளவு நகர்த்தி, தலையைச் சாய்த்து அழகு பார்க்கிறார். எதிரில் அக்கா பூ வைத்துக்கொண்டு தேநீர்த் தட்டோடு நிற்கிறாள். அவள் சரி என்றால் அடுத்த மாதமே நிச்சயதார்த்தம். பொத்தானுக்குக் கிடைத்த பார்வை அவளுக்குக் கிடைக்கவில்லை. "சென்சிட்டிவிட்டிதான் முக்கியம், ஆண்ட்டி. அது சரியா இருந்தா எவனும் என்னை அடிக்க முடியாது லா," என்கிறார் அம்மாவிடம். அம்மா பயபக்தியோடு தலையாட்டுகிறாள்.

ஆட்டம் தொடங்குகிறது. தேநீரில் ஆடை படிவதற்குள் செத்துவிடுகிறார்.

"சே, செட்டிங் சரியில்ல."

அவருடைய அம்மா சிரித்துச் சமாளித்து, "பொண்ணு என்னம்மா சொல்லுது?" என்கிறார்.

அக்கா குனிந்து திரையைப் பார்க்கிறாள். "செட்டிங்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆண்ட்டி. ஆளுதான் சரியில்ல." தட்டோடு உள்ளே போகிறாள்.

டாரியஸ் காதில் அது விழவில்லை. அடுத்த ஆட்டத்தைத் தொடங்குகிறார்.