மிதிபட்டவன் வம்சம்

ஜாதகம் பார்ப்பது போய், சிலைப் பொருத்தம் பார்க்கும் காலம் வந்திருந்தது. முகத்தைக் காட்டினால், பழைய கோயில்களில் எந்தச் சிலை நம் முன்னோரைப் பார்த்துச் செதுக்கியது என்று கருவி சொல்லிவிடும். யாழரசிக்குப் பார்வதி வந்ததும் அவள் அப்பா சபாநாயகம் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். அவள் விரும்பிய நன்மாறனுக்கு வந்ததோ முயலகன், நடராசரின் காலடியில் கிடக்கும் அசுரன்.

"மிதிபட்டவன் வம்சத்துக்கா பொண்ணக் குடுப்பேன்?" என்றார் சபாநாயகம். பெண் கேட்டு வந்தவர்கள் கொண்டுவந்த தட்டோடு திரும்பிப் போனார்கள்.

யாழரசி அழவில்லை. மறுநாள் காலை அப்பாவை அந்தச் சிலைகள் இருக்கும் கோயிலுக்கே அழைத்துப் போனாள்.

"அம்பாள் மொகத்தப் பாருங்க. அந்தப் பக்கம் சரஸ்வதியப் பாருங்க, துர்க்கையப் பாருங்க."

பார்த்தார். மூன்றும் ஒரே முகமாக இருந்தன.

"சாமியெல்லாம் அளவு போட்டுச் செஞ்சதுப்பா. அது யாரு மொகமும் இல்ல. கீழ கெடக்கறவருக்குத்தான் முன்பல்லு தூக்கியிருக்கு, புருவத்துல தழும்பு இருக்கு. ஆள உக்கார வச்சுப் பாத்துச் செஞ்சிருக்காங்க. நன்மாறனாவது யாரோ ஒருத்தர் வம்சம். நான் யாரு வம்சம்?"

சபாநாயகம் பக்கத்தில் நின்ற அர்ச்சகரிடம் தை மாதத்தில் முகூர்த்தம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. சபாநாயகம் இப்போதும் நடராசரைக் கும்பிடப் போகிறார். கும்பிட்டு முடித்ததும் கொஞ்சம் குனிந்து, சம்பந்தி முறையில் கீழே கிடப்பவருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் நகர்கிறார்.