பிரேக்கை விடுங்க, அங்கிள்

ஜெயராஜுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது புக்கிட் பெருவாங் வட்டாரம் முழுக்கத் தெரியும். லைசென்ஸுக்கு மூன்று முறை போய், மூன்று முறையும் கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தவர். முப்பது வருஷமாக மனைவி பிரிஜிட்தான் ஓட்டினாள்; இவர் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னார். அவள் இறந்து எட்டு மாதத்தில் அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரின் பேட்டரியும் செத்துப்போனது. நின்ற காரில் ஏறி உட்கார்ந்து இரண்டு முறை "போகலாமா?" என்று கேட்டுவிட்டதால், அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட முடிவெடுத்தார்.

குருபோங்கிலிருந்து பழைய இரும்புக் கடைக் காந்தன், காரை இழுத்து ஏற்றும் லோரியோடு வந்தான். கார் சரிவில் நின்றது.

"அங்கிள், உள்ள ஏறி பிரேக்க நல்லா மிதிங்க. பேட்டரி செத்ததால கியர் தானா நகராது; அதுக்குப் பக்கத்துல சின்ன ஓட்டை இருக்கு, அதுல சாவிய விட்டு அமுக்கி நியூட்ரலுக்கு இழுங்க. பிரேக்க விட்டீங்க, நான் சட்னிதான் லா."

ஜெயராஜ் ஏறினார், அமுக்கினார், இழுத்தார். கியர் வழுக்கிக்கொண்டு வந்தது. காந்தன் லோரியின் இழுவைக் கேபிளைக் காரில் மாட்டினான்.

"ஓகே, இப்ப மெதுவா விடுங்க!"

ஜெயராஜ் குனிந்து பார்த்தார். பழக்கதோஷத்தில் அவர் ஏறியிருந்தது தம்முடைய இடது பக்கத்து இருக்கையில். அவருடைய இரண்டு கால்களும் அங்கேயே இருந்தன. ஓட்டுபவர் இருக்கை காலி. பிரேக் அழுந்தியே இருந்தது. கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"அங்கிள், பிரேக்க விடுங்க லா!"

ஜெயராஜ் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"விட்டுறாத, பிரிஜிட்," என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் மிதிச்சிக்கிட்டே இரு."