நம்பர் 98

"98 போடறீங்களா தம்பி? இன்ஜினுக்கு ரொம்ப நல்லது. பிக்கப்பும் நல்லா இருக்கும்."

கேட்டதும் எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பெட்ரோல் ஸ்டேஷன். மத்தியானம் பன்னெண்டரை தாண்டிடுச்சு. என் பைக் பெட்டியில மூணு பிரியாணி ஆர்டர் சூடா உக்காந்திருக்கு. பைக் வரிசையோ நத்தை மாதிரி நகருது. பம்ப்ல நிக்கற அக்கா, என் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு, வர்றவங்க எல்லார்கிட்டயும் இதே பாட்டு. இதோட மூணாவது தடவை கேக்கறேன்.

இப்ப அவங்ககிட்ட மாட்டினது வெங்கட். என்னை மாதிரியே டெலிவரி ஓட்டறவன். ரெண்டு பிள்ளைக்கு அப்பன். வண்டி பழைய 150 சிசி.

"வெங்கட், போடாதே! 95 போதும் லா!"ன்னு பின்னாடியிருந்து கத்தினேன்.

அக்கா திடுக்குன்னு திரும்பினாங்க. ஐம்பது வயசு இருக்கும். சட்டையில 'கமலம்'னு பேர் குத்தியிருந்துச்சு.

"என்னக்கா இது? ஊபி ஏரியா வொர்க்ஷாப்ல மூணு வருஷம் மெக்கானிக்கா இருந்தவன் நான். 98 பெட்ரோல்னா விலைதான் ஜாஸ்தி, அது என்ன டானிக்கா? கம்ப்ரெஷன் அதிகமா இருக்கற பெரிய ரேஸ் பைக்குக்குத்தான் அது வேணும், இன்ஜின் நாக் அடிக்காம இருக்க. இந்த வண்டிக்கு 95 போதும்னு மேனுவல்லயே போட்டிருக்கான். தெரிஞ்சே ஏன் இல்லாதவன் தலையில கட்டறீங்க?"

"தம்பி, மெதுவா பேசுங்க லா." அவங்க கடைப்பக்கம் கண்ணைக் காட்டினாங்க. "சூப்பர்வைசர் பாக்கறார். என் வேலையே போயிடும்."

"போகட்டுமே! பொய் சொல்லித்தான் சம்பாதிக்கணுமா?"

சொன்னப்புறம் எனக்கே கொஞ்சம் ஓவராதான் பட்டுச்சு. ஆனா என் வாய் எங்க நிக்குது?

வெங்கட் என் கையைப் புடிச்சு அமுக்கினான். "ஜெய், விடுடா. உனக்குத் தெரியாது."

"என்னடா தெரியாது? உனக்காகத்தானே பேசறேன்!"

அவன் பதில் சொல்றதுக்குள்ள சூப்பர்வைசர் அப்துல் அலீம் கடைக்குள்ளேருந்து வேகமா வந்துட்டார். அவரைப் பாத்ததும் வெங்கட் வாயை மூடிக்கிட்டான். 95 போட்டுக்கிட்டு வண்டியை எடுக்கும்போது மட்டும் என் காதுகிட்ட வந்து, "அக்காகிட்ட சாரி சொல்லிட்டுப் போ"ன்னான்.

நான் சாரி சொல்லணுமாம்! நல்லதுக்குக் காலமே இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்.

"என்ன சார் பிரச்சினை?"ன்னார் அலீம்.

"இவங்க எல்லாரையும் 98 போடச் சொல்லித் தொல்லை பண்றாங்க."

அக்காவைத் திட்டப் போறார்னு பாத்தா, மனுஷன் தாடையைச் சொறிஞ்சார். "கேக்கறது கம்பெனி ரூல் சார். எல்லார்கிட்டயும் கேட்டே ஆகணும். இவங்களும் சத்தமாத்தான் கேக்கறாங்க. என்ன மாயமோ தெரியல, மத்தவங்க ஷிஃப்ட்ல 98 நல்லா ஓடுது. இவங்க நின்னா ஒரு பைக்காரன்கூட போடறதில்ல. மேலேருந்து என்னைக் குடையறாங்க. இன்னிக்கு ஒரு மணிக்குள்ள ஒரு பைக்குக்காவது 98 போடலன்னா, நாளையிலேருந்து வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

ஒருத்தர் பிழைப்பைக் கெடுக்கணும்னு நான் கத்தல. ஆனா நான் சொன்னதுல என்ன தப்பு? ஜனங்க ஏமாறல, அவ்வளவுதானே?

"உங்க டர்ன் சார்." அலீம் நகர்ந்து போய் அக்காவுக்குப் பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னார். "கேளுங்க கமலம். நான் இங்கதான் நிக்கறேன்."

வண்டியை முன்னாடி தள்ளினேன். இப்பதான் அவங்க எனக்கு நேரா நின்னாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"98 போடறீங்களா தம்பி?"ன்னு கணீர்னு கேட்டாங்க. "இன்ஜினுக்கு ரொம்ப நல்லது. பிக்கப்பும் நல்லா இருக்கும்."

கேட்டுக்கிட்டே, பின்னாடி நிக்கற அலீமுக்குத் தெரியாம, தலையை ரொம்ப லேசா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாங்க.

வேண்டாம்.

எனக்கு ஒண்ணும் ஓடல. பேந்தப் பேந்த முழிச்சேன். அவங்க கண்ணாலேயே 95 குழாயைக் காட்டி, மறுபடியும் அதே மாதிரி தலையை ஆட்டினாங்க.

வெங்கட்டுக்கும் இப்படித்தான் சொல்லியிருக்காங்க. அவனுக்கு முன்னாடி போனவங்களுக்கும் இப்படித்தான். அதான் இவங்க ஷிஃப்ட்ல 98 ஓடல. நான் ஒருத்தன்தான் பின்னாடி நின்னு குரலை மட்டும் கேட்டுக்கிட்டு குதிச்சிருக்கேன்.

வேலை கையை விட்டுப் போகப்போற நேரம். வாய்க்கு வந்தபடி பேசினவன் எதிர்ல நிக்கறேன். எனக்கும் வேண்டாம்ங்கறாங்க.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. கடிகாரத்தைப் பாத்தேன். ஒரு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்துச்சு.

அலீம் காதுல நல்லா விழட்டும்னு தொண்டை கிழியக் கத்தினேன்.

"98 போடுங்கக்கா! டேங்க் ஃபுல்லா!"