இன்ஜின் மாற்றியவன்

"இங்க சுலைமான் யாரு?"

ஆட்டோவிலிருந்து இறங்கிய வேகத்திலேயே சரசா கேட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த பைக் ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கழற்றிப் போட்டிருந்த ஒரு சக்கரத்துக்குப் பின்னாலிருந்து சுலைமான் எழுந்து வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா."

"நான் அஸ்வினோட அம்மா."

சுலைமானின் முகம் வாடிவிட்டது. "தெரியும்மா. தம்பி போன அன்னிக்கு ஆவடிக்கு, உங்க ஊட்டுக்கு வந்திருந்தேன். உள்ள வர மனசு வரல. வெளியவே நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

"எப்படி வரும்? செஞ்ச வேலை அப்படி!"

அவள் கணவர் சம்பந்தம் கடைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டார். ராணுவத் தளவாட ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அதட்டிப் பேசியே பழகியவர். ஒரே மகன் போன பிறகு ஆள் பாதியாகியிருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு அந்த வண்டி?" என்றாள் சரசா. "லீவு கிடைச்சா ஏற்காடு, கொல்லிமலைன்னு கிளம்புவான். பொறுமையா போயிட்டுப் பொறுமையா வருவான். டூர் போற வண்டிக்கு எதுக்கு ரேஸ் வண்டி இன்ஜின்? அதுக்கேத்த கிளட்ச்? 'கையைத் திருப்பினாலே பறக்குதும்மா, பயமாயிருக்கு'ன்னு சொன்னான். அப்புறம் ஏன்டா மாத்தினேன்னு கேட்டா பேச்சை மாத்திட்டான். புது இன்ஜினோட கிளம்பின முதல் டூர். இதோ பக்கத்துல இருக்கிற குத்தம்பாக்கத்தைக்கூடத் தாண்டல. முன்னாடி போன லாரி நின்னிருக்கு. இவன் பிரேக்கைப் புடிச்சிருக்கான், வண்டி நிக்கல..."

சுலைமான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா."

"உக்கார வரல. நீதானே மாத்தினே? உன் கடையிலதான் மாத்தினதுன்னு இவர் சொன்னாரு."

சுலைமான் சம்பந்தத்தைப் பார்த்தார். சம்பந்தம் ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. நான்தான்."

உள்ளே வேலையிலிருந்த ஃபிட்டர் மதுரைவீரன் சட்டென்று நிமிர்ந்தார். "பாய்..." என்று ஆரம்பித்தவரைச் சுலைமான் கையைக் காட்டி அடக்கினார்.

"பெரிய இன்ஜின் போட்டா பிரேக்கு, டயரு எல்லாத்தையும் மாத்தணுமாமே. ஆஸ்பத்திரியில அவன் ஃப்ரெண்டுங்க சொன்னாங்க. உனக்குத் தெரியாதா அது?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா செஞ்சே?"

சுலைமான் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து டீக்கடையிலிருந்து வந்து நின்றவர்களில் ஒருவன், "காசுக்காக இன்னா வேணா பண்ணுவானுங்கப்பா" என்றான்.

சரசாவின் குரல் இறங்கியது. இதைக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. என் பையன் பயந்த சுபாவம். வேகமே ஆகாது அவனுக்கு. அவனேதான் ஆசைப்பட்டு மாத்திக்கிட்டான்னு இவர் சொல்றாரு. அப்படியா? அவனா வந்து கேட்டானா?"

சுலைமான் ஒரு கணம் வாசல் பக்கம் பார்த்தார்.

"இல்லம்மா. புள்ள வேணாம் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் விடல. கூட வர்றவங்க எல்லாம் முன்னாடி போறாங்க, நீ மட்டும் கடைசியா வர்றியேன்னு ஏத்திவிட்டு..."

பளாரென்று அறை விழுந்தது.

சுலைமான் அசையவில்லை.

"உனக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு இருக்கும்மா."

வாய்வரை வந்த சாபத்தைச் சரசா விழுங்கிக்கொண்டாள்.

"அது நல்லா இருக்கட்டும். நீ மட்டும் நல்லா இருக்க மாட்டே."

அதுவரை வாயே திறக்காத சம்பந்தம் கிட்டே வந்து, "போலாம் சரசா" என்றார். அவள் அப்படியே அவர்மேல் சாய்ந்து கதறினாள்.

"பாவி ஒத்துக்கிட்டான் பாருங்க! பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லைங்க. நம்ம பிள்ளை வேணாம்னுதான் சொல்லியிருக்கான்!"

சம்பந்தம் அவளை அணைத்துப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். கிளம்பும்போது ஒரு தடவை சுலைமானைத் திரும்பிப் பார்த்தார். உடனே பார்வையை இழுத்துக்கொண்டார்.

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. ரிப்பேருக்கு விட்டிருந்த தன் வண்டியை ஒரு ஆள் தள்ளிக்கொண்டு போனான். சுலைமான் தடுக்கவில்லை.

மதுரைவீரன் பொங்கிவிட்டார். "இன்னா பாய் நீ! அந்த வண்டிக்கு நாம இன்ஜினே மாத்தலியே! பிரேக்கு மாத்தாம இன்ஜின்ல கை வைக்க மாட்டேன், அந்த வண்டிக்கு இது வேணாம்னு சொல்லித் திருப்பி அனுப்பினதே நீதானே? வேற எவனோ போட்டுக் குடுத்ததுக்கு நீ ஏன் அறை வாங்கிக்கினு நிக்கிற?"

"நான் போடலன்னு சொன்னா, யாரு போட்டான்னு கேப்பாங்க வீரா. அப்புறம் யாரு போடச் சொன்னான்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு! உனக்கு இன்னா பயம்?"

சுலைமான் கன்னத்தைத் தடவிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னான்னு சொல்றது? இதே எடத்துல நின்னு 'வேணாம்ப்பா, வேணாம்ப்பா'ன்னு அந்தப் புள்ள கெஞ்சிச்சு. 'ஆம்பளப் பையனுக்கு இன்னாடா பயம்'னு கத்தி, வேற கடைக்கு அவனை இஸ்துகினு போனது உங்க புருஷன்தாம்மான்னு சொல்லவா? நாளைக்குக் காலையில எழுந்தா, அந்தம்மா அந்தாளு மூஞ்சியிலதானே முழிக்கணும்!"