கடைசி கம்பத்து வீடு

டி.வி.யைத் தட்டித் தட்டி புருல்சாவுக்குக் கையே வலிச்சுப்போச்சு. மேல பல்பு பீடி நெருப்பு மாதிரி சிவப்பா மினுங்குது.

"நம்ம பொண்ணு ஜிபார் இப்ப மல்யுத்த பைனல்ல இறங்கிருவா. ஏதாவது பண்ணுங்களேன்!"

"என்னத்தப் பண்ண? டிரான்ஸ்பார்மர் ஊரோட அந்தக் கோடியில இருக்கு. வர்ற கரண்டை வழியில எல்லா வீட்டு ஹீட்டரும் இழுத்துக்குது. மிச்சம்தான் நமக்கு," என்றார் புருஷன் தொக்தோசுன்.

"ஹீட்டரைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லிப் பாருங்க."

"யார்கிட்ட? பொண்ணைக் குஸ்திக்கு அனுப்பினா எவன் கட்டிக்குவான்னு சிரிச்சாளே, அந்த சல்கின்கிட்டயா? செத்தாலும் கேக்கமாட்டேன்."

திடீர்னு பல்பு பளிச்சுனு எரிஞ்சுது. டி.வி.க்கு உயிர் வந்துருச்சு.

தொக்தோசுன் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார். "ஏய், எல்லா வீட்டுப் புகைக்கூண்டுலயும் புகை வருது. வறட்டி மூட்டியிருக்காங்க. ஊருக்கே கரண்ட் போயிருச்சு போல. நமக்கு மட்டும் எப்படி?"

கதவு தடதடன்னுச்சு. புருல்சா திறந்தா, வாசல் பனியில ஊரே நிக்குது. முன்னாடி சல்கின்.

"தள்ளுக்கா, குளிருது! வீடு வீடா ஏறி எல்லா மெயினையும் நானே இறக்கிட்டு வர்றேன். எவனாவது ஹீட்டர் போட்டா கையை ஒடிப்பேன்னு சொல்லியிருக்கேன்."

"நீயா? நீதானடி சிரிச்ச?"

"சிரிச்சேன்தான். அதுக்காக ஜெயிக்கிறதைப் பாக்கக் கூடாதா? எங்க டி.வி.யும் ஆஃப். இங்கதான் பாக்கணும். நகருக்கா!"

திரையில ஜிபார் எதிராளியை அப்படியே தூக்கி மல்லாக்கச் சாய்ச்சா. கத்தின கத்துல வீடே அதிர்ந்துச்சு.

பல்பு மட்டும் கொஞ்சம்கூட மங்கல.